மலாயாவின் முப்பது விநாடி

திங்கட்கிழமை காலை, பர்கூரைத் தாண்டி கம்பெனி பஸ் ஹைவேயில் ஏறியதும் எஸ்லின் வழக்கம்போல் செல்லை எடுத்து விளையாட்டைத் திறந்தாள். கடலும் வரவில்லை, கப்பலும் வரவில்லை. சிவப்புக் கட்டத்துக்குள் நான்கு வரி ஆங்கிலம்தான் வந்தது. இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். அவள் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். மனிதர்களால் முடியாத அளவுக்கு ஒரே சீரான இடைவெளியில் பீரங்கி சுடப்பட்டிருக்கிறதாம். அதனால் மேக்ரோ, அதாவது விரலுக்குப் பதிலாகத் தானே பொத்தானை அமுக்கும் திருட்டு ஆப், பயன்படுத்தியதாகச் சந்தேகமாம். சுருக்கமாகச் சொன்னால், சுட்டது நீ இல்லை, மெஷின்.

எஸ்லினுக்கு மூக்கு நுனி வியர்த்துவிட்டது. கோபம் வந்தால் அவளுக்கு அப்படித்தான். பேச்சு அடைத்துக்கொள்ளும், மூக்கு மட்டும் வியர்க்கும். இருபத்து நான்கு வயதுக்குள் அவளை என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். காண்ட்ராக்ட் என்றார்கள், காண்ட்ராக்ட் ஆட்கள் போடுகிற உடுப்பை வைத்துப் பச்சைக் கோட்டு என்றார்கள், டோக்கன் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். மெஷின் என்பது ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதையும் முகம் தெரியாத எவனோ எங்கிருந்தோ சொல்லிவிட்டான்.

விளையாட்டில் அவளைச் சேர்த்துவிட்டதே இந்த ஆறாம் நம்பர் ரூட் பஸ்தான். பர்கூரில் கிளம்பி, கிருஷ்ணகிரியில் ஆள் ஏற்றி, ஓசூர் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். திரும்பி வர இன்னொரு ஒன்றரை. மூன்று மணி நேரமும் ஒரு மனுஷி எவ்வளவுதான் தூங்குவாள்? இந்த பஸ்ஸில் முன் சீட்டெல்லாம் ஸ்டாஃப், நடுவில் பர்மனென்ட், பின்னால் காண்ட்ராக்ட். எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் புதிதாக வந்தவர் ஒரு நாள் முன்னால் உட்கார்ந்து பார்த்தால் மறுநாள் தானாகப் பின்னால் போய்விடுவார். அப்படிப்பட்ட பஸ்ஸில்தான் விமல்ராஜ் ஒரு படை தொடங்கினான். உலகப் போர் காலத்துக் கப்பல்களை வைத்து ஏழு பேருக்கு ஏழு பேர் கடலில் மோதுகிற விளையாட்டு. படைக்குப் பெயர் 'ரூட் ஆறு'. நன்றாக ஆடுகிற ஆள் கிடைத்தால் போதும், எந்த சீட்டில் உட்கார்ந்திருந்தாலும் சேர்த்துக்கொண்டான். அதனால்தான் கடைசி சீட்டு எஸ்லின், முன் சீட்டு எஞ்சினியர்களோடு சேர்ந்து சண்டை போட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைப்பானேன்.

வயர்களைச் சேர்த்துக் கட்டித் தருகிற அந்தக் கம்பெனியில் விமல்ராஜ், வேலை நேரத்தை அளக்கிற பிரிவில் எஞ்சினியர். அந்தப் பிரிவுக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு, ஆனால் லைனில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'ஸ்டாப்வாட்ச்காரங்க' என்பார்கள். ஸ்டாப்வாட்ச்காரர் வந்து பின்னால் நின்றால் இன்னும் இரண்டு மாதத்தில் வேகம் கூடப்போகிறது என்று அர்த்தம்.

கப்பலைத் தேர்ந்தெடுத்த கதையும் வேடிக்கைதான். பட்டியலில் இருந்த ஜெர்மன் பெயரும் ஜப்பான் பெயரும் அவள் வாயில் நுழையவில்லை. பார்த்தவுடன் படிக்க முடிந்தது 'மலாயா' ஒன்றுதான். ஐயோ அந்தக் கிழவியா என்று படையே சிரித்தது. விமல்ராஜ் மட்டும் அதன் கதையைச் சொன்னான்: முதல் உலகப் போரில் கடலில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல், மலாய் நாட்டு அரசாங்கம் காசு கொடுத்துக் கட்டியது, எட்டுப் பெரிய பீரங்கி, இரண்டு உலகப் போரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் பழைய இரும்புக்கு உடைபட்டது. மலாய் நாட்டுக் காசு என்றால் அதில் நம் ஊர் ஆட்கள் ரப்பர் காட்டில் சிந்திய வியர்வையும் கொஞ்சம் இருந்திருக்கும். கப்பலில் பெயர் எழுதும்போது அவர்களை யார் கேட்டார்கள்? எஸ்லினுக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை. அவளுக்குக் கிழவியைப் பிடித்துப்போனது, அவ்வளவுதான்.

மலாயா மெதுவாகப் போகும், மெதுவாகத் திரும்பும். ஒரு தடவை சுட்டால் மறுபடி குண்டு ஏற முப்பது விநாடி. மற்றவர்கள் அந்த முப்பது விநாடியும் திரையின் மூலையில் நிறைகிற வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது நிறைந்த பிறகு எதிரியைத் தேடி, குறி வைத்து, சுடுவதற்குள் மூன்று விநாடி போய்விடும். எஸ்லின் வட்டத்தைப் பார்ப்பதே இல்லை. கண் எதிரிக் கப்பல் மேலேயே இருக்கும். முப்பதாவது விநாடியில் கட்டைவிரல் தானாக இறங்கும். எதிரி மூன்று தடவை சுட்டுவிட்டு நான்காவதற்குத் தடுமாறும்போது இவளுடைய நான்காவது குண்டு அவன் தலையில் விழுந்திருக்கும்.

ஓசூர் பக்கமும் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கமும் வேலை செய்கிறவர்களுக்காக ஒரு செல் கடைக்காரர் கோப்பை ஒன்று வைத்து நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி, எல்லைக்கு அந்தப் பக்கத்து ஜிகணிக்காரர்களோடு. எலத்தகிரி சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் எஸ்லின் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தாள். பத்தாவது நிமிஷத்தில் 'ரூட் ஆறு' படையில் மிஞ்சியது மலாயா மட்டும். எதிரே மூன்று பேர். பின்னால் தீவு, ஓடவும் வழியில்லை. அவள் கிழவியின் மூக்கை அவர்கள் பக்கம் திருப்பி, ஓர் அடி வாங்கினாள், ஒன்று கொடுத்தாள். முப்பது. இன்னொன்று கொடுத்தாள். முப்பது. முதல் கப்பல் மூழ்கியது. இரண்டாவதற்கு மூன்று குண்டு. கடைசியில் மலாயாவுக்கு ஒரே ஓர் அடி தாங்கும் உயிர்தான் இருந்தது, எதிரிக்கும் அப்படியே. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுட்டு, ஒரே நேரத்தில் தவறினார்கள். ஜிகணிக்காரன் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எஸ்லின் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இருந்து அம்மா அருள்மேரி, குழம்பு ஆறுகிறது என்று கத்தினாள். அம்மா குரல் முடிவதற்குள் மலாயா சுட்டுவிட்டது.

தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆட்டத்தின் பதிவை எடுத்து, ஒவ்வொரு குண்டுக்கும் நேரத்தை எழுதி, விளையாட்டுக் கம்பெனிக்குப் புகார் அனுப்பினார்கள். முப்பது, முப்பது, முப்பது. எந்த மனுஷன் இப்படிச் சுடுவான் என்று கேட்டிருந்தார்கள். மனுஷன் சுடமாட்டான்தான். ஓசூரில் லைனில் நிற்கிற மனுஷி சுடுவாள் என்று அவர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

சரி, அவர்கள் எதிரி. சொந்தப் படை என்ன செய்தது? பஸ் கிருஷ்ணகிரி வருவதற்குள் விஷயம் பரவிவிட்டது. நடு சீட்டிலிருந்து ஒருவன், எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது என்றான். முந்தின நாள் அவள் ஜெயித்துக் கொடுத்தபோது படையின் வாட்ஸ்அப் குழுவில் முதல் ஆளாகக் கொண்டாடியவன் அவன்தான். விமல்ராஜ் முதல் தடவையாக எழுந்து பின் சீட்டு வரைக்கும் வந்தான். வந்து குரலைத் தாழ்த்தி, உண்மையைச் சொல்லு, ஏதாவது ஆப் போட்டிருக்கிறாயா என்று கேட்டான்.

எஸ்லின் மூக்கு நுனியைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு வருஷம் கூடவே ஆடியவர் கேட்கிற கேள்வியா இது?

"நீங்களே கிட்ட உக்காந்து என் கையப் பாருங்க சார்" என்றாள். "பாத்துட்டு அப்புறம் கேளுங்க."

பார்க்கத்தான் வேண்டியிருந்தது. இறுதிப் போட்டி வருகிற ஞாயிறு. அவள் இல்லாவிட்டால் ஆறு பேரோடுதான் ஆட வேண்டும். குற்றம் இல்லை என்று காட்ட விளையாட்டுக் கம்பெனி ஒரு வழி வைத்திருந்தது. பயிற்சி ஆட்டம் ஒன்றை மட்டும் திறந்துவிடுவார்கள், அதை முழுதாக ஆட வேண்டும். ஆடுகிற கையும், திரையும், பக்கத்தில் ஒரு கடிகாரமும் ஒரே சட்டத்துக்குள் தெரிய, வெட்டாமல் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

புதன்கிழமை சாயந்திரம், ஷிஃப்ட் முடிந்து பஸ் கிளம்புவதற்கு முன், டிரைவர் டீ குடிக்கப் போன இருபது நிமிஷத்தில் எடுத்தார்கள். விமல்ராஜ் தன் செல்லைப் பிடித்துக்கொண்டு நின்றான். கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்சைக் கழற்றி முன் சீட்டுக் கம்பியில் மாட்டினான். எஸ்லின் ஆடினாள். இருபத்தெட்டு குண்டு. வட்டம் இருக்கிற மூலையைத் துண்டுக் காகிதத்தால் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் ஆடினாள். அது அவளுடைய வீம்பு. இருபத்தெட்டிலும் கால் விநாடிக்கு மேல் பிசகவில்லை.

விமல்ராஜ் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நம்பிவிட்டார் என்று எஸ்லின் நினைத்தாள். எப்படி முடிகிறது என்று அவன் கேட்டபோது, மனசில் இருந்ததையெல்லாம் சந்தோஷமாகச் சொன்னாள். லைனில் டேக்ட் என்று ஒன்று இருக்கிறதே, ஒரு பலகைக்கு இத்தனை விநாடி என்று, மணி அடித்ததும் பலகை நகர்ந்துவிடும். நான் சேர்ந்தபோது நாற்பது, இப்போது முப்பத்தாறு. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் உடம்பு பிடித்துக்கொள்ளும். கப்பலையும் அப்படித்தான் பிடித்தேன் என்றாள். ஸ்டாப்வாட்ச்காரரிடம் போய் எவளாவது இதைச் சொல்வாளா? இவள் சொன்னாள். தன்னை ஒருவர் நம்பிவிட்டார் என்ற சந்தோஷத்தில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை விளையாட்டுக் கம்பெனியிலிருந்து செல்லுக்குக் கடிதம் வந்தது. பரிசோதித்துப் பார்த்தோம், ஆடியது மனிதர்தான் என்று உறுதி செய்கிறோம், வருந்துகிறோம். எஸ்லின் அதைப் பஸ் முழுக்கக் காட்டினாள். சந்தேகப்பட்ட நடு சீட்டுக்காரனிடம் இரண்டு தடவை காட்டினாள். லைனில் அவளுக்கு அடுத்த இடத்தில் நிற்கிற நாகம்மாவிடமும் சாப்பாட்டு வேளையில் சொன்னாள். நாகம்மா தளிப் பக்கம்; நாற்பத்து மூன்று வயது; வீட்டில் கன்னடம், லைனில் தமிழ். கப்பலும் புரியவில்லை, மேக்ரோவும் புரியவில்லை. வலது மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக்கொண்டே, "மனுஷின்னு எழுதிக் குடுத்துட்டாங்கல்ல, விடு புள்ள" என்றாள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு சூப்பர்வைசர் வந்து, எஸ்லினை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிடுகிறார்கள், லாக்கரில் இருக்கிற செல்லையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள் என்றார். அந்த அறைக்குள் அவள் போனதே இல்லை. ஏசி குளிர். மேஜை மேல் ஒரு ஸ்வீட் பாக்ஸ். புரொடக்‌ஷன் மேனேஜர் நாராயணப்பன் நடுவில் உட்கார்ந்து, வாம்மா உட்காரு என்றார். விமல்ராஜ் திரைப் பக்கத்தில் நின்றான். திரையில், சுவர் அளவுக்குப் பெரிதாக, எஸ்லினின் கட்டைவிரல்.

அவளுடைய வீடியோதான். பஸ் சீட்டு, ஸ்டாப்வாட்ச், மலாயா. கீழே வரைபடம் போட்டு, ஆங்கிலத்தில் தலைப்புக் கொடுத்திருந்தான். நம் ஆபரேட்டர் முப்பது விநாடியைக் கால் விநாடி பிசகாமல், களைப்பில்லாமல், இருபத்தெட்டு தடவை தாங்குகிறார். முப்பத்தாறு விநாடி என்பது நாம் கொடுக்கிற சலுகை. அடுத்த பக்கத்தில் பெரிதாக முப்பத்தொன்று என்று இருந்தது. திங்கட்கிழமை முதல் நான்காம் லைனில் ஒரு வாரம் சோதனை. எஸ்லின் எல்லோருக்கும் முன்மாதிரி. சரியாக வந்தால் ஹெட் ஆபீசுக்கு அனுப்பி எல்லா லைனுக்கும் கொண்டுவரலாம். வேகம் வராதவர்களை மாற்றித் தரச் சொல்லிக் காண்ட்ராக்டரிடம் பேசிக்கொள்ளலாம்.

வேகம் வராதவர் என்றால் யார்? முதலில் நாகம்மா. முப்பத்தாறு வந்ததிலிருந்தே அவள் ஷிஃப்டில் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் பலகை போய்விடும். அவளுக்கப்புறம் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் சேர்த்துத் தன் கட்டைவிரலால்தான் சீட்டுக் கிழிக்கப்போகிறார்கள் என்று எஸ்லினுக்குப் புரிந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எந்தக் கையை மெஷின் இல்லை என்று நிரூபிக்க அவள் அந்தப் பாடுபட்டாளோ, அதே கையை எடுத்து இங்கே மெஷின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

முதலில் நியாயம் பேசித்தான் பார்த்தாள். "சார், கப்பல்ல முப்பது விநாடிக்கு ஒரே தடவ வெரல வெக்கறேன். பாக்கி நேரமெல்லாம் சும்மா பாத்துக்கினு உக்காந்திருக்கேன். லைன்ல முப்பத்தாறு விநாடில ஆறு வயர், நாலு கனெக்டர், ஒரு டேப். நின்னுக்கினு. எட்டு மணி நேரம்."

விமல்ராஜ் அன்பாகச் சிரித்தான். வேலையை வேறு மாதிரிப் பிரித்துக் கொடுத்துவிடலாம், முக்கியமானது உள்ளுக்குள் இருக்கிற அந்தத் தாளம், அது உன்னிடம் இருக்கிறது, நீயேதானே உடம்பு பிடித்துக்கொள்ளும் என்று சொன்னாய் என்றான். நாராயணப்பன் ஸ்வீட் பாக்ஸை அவள் பக்கம் தள்ளினார். உன்னால் முடிகிறதே அம்மா, மற்றவர்களால் ஏன் முடியாது என்றார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. மனசாரத்தான் கேட்டார். அதுதான் எஸ்லினுக்குப் பொறுக்கவில்லை.

அவள் ஸ்வீட் பாக்ஸைத் தொடவில்லை. மூக்கு நுனி வியர்த்திருந்தது. ஆனால் அன்றைக்கு என்னவோ, பேச்சு அடைக்கவில்லை.

"என்னால முடியாது சார்" என்றாள். "அந்த வீடியோ பொய்."

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"மேக்ரோ போட்டுத்தான் ஆடுனேன். வெரல சும்மா மேல வெச்சிருந்தேன். சுட்டது ஆப்பு. விமல்ராஜ் சாரயும் ஏமாத்திட்டேன்."

விமல்ராஜ் பதறிப்போய், இல்லை சார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், மூலையைக்கூட ஒட்டி மறைத்திருந்தாள் என்றான். எஸ்லின் செல்லை எடுத்து, வெள்ளிக்கிழமை வந்த கடிதத்தைத் திறந்து மேஜை மேல் வைத்தாள். நாராயணப்பன் பார்க்கப் பார்க்க, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதன் கீழே பதில் எழுதினாள். நான் மேக்ரோ பயன்படுத்தினேன். வீடியோ ஏமாற்று. மன்னிக்கவும். அனுப்பும் பொத்தானை அமுக்குவதற்கு முன் ஒரு கணம் கை நின்றது. இரண்டு வருஷம். அந்த ஒற்றை வரிக் கடிதம். மனிதர்தான் என்று எழுதியிருந்த அந்த வரி. அமுக்கினாள்.

ஸ்வீட் பாக்ஸைத் தன் பக்கமே இழுத்துக்கொண்ட நாராயணப்பனின் கோபமெல்லாம் விமல்ராஜ் மேல் திரும்பியது. செல் விளையாட்டில் திருட்டு வேலை செய்த வீடியோவை வைத்துக்கொண்டா ஹெட் ஆபீஸ் முன்னால் என்னை நிறுத்தப் பார்த்தாய், என் மானம் என்ன ஆவது என்று கத்தினார். சோதனை கிடையாது, ஒன்றும் கிடையாது, திரையை அணை என்றார். எஸ்லினுக்கு ஒரு மெமோ கொடுக்கச் சொன்னார். ஏமாற்றுக்காரப் பெண்ணை எல்லாம் எப்படி வேலைக்கு எடுக்கிறார்கள் என்று அவள் காதுபடவே சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டு அவள் லைனுக்குத் திரும்பி, தன் பலகை முன்னால் நின்றாள். எங்கே போனாய் என்று நாகம்மா கேட்டாள். மெமோ வாங்கப் போனேன் என்றாள். பலகை நகர்ந்துவிட்டது, அதற்கு மேல் பேச நேரமில்லை.

சாயந்திரம் பஸ் ஓசூரைத் தாண்டுவதற்குள் விளையாட்டுக் கம்பெனியின் பதில் வந்துவிட்டது. கணக்கை நிரந்தரமாக மூடியிருந்தார்கள். மலாயா இல்லை. கோப்பைக்காரர் 'ரூட் ஆறு' படையைப் போட்டியிலிருந்தே நீக்கினார். வாட்ஸ்அப் குழுவிலிருந்து எஸ்லினைத் தூக்கினார்கள். நடு சீட்டுக்காரன் திரும்பி உட்கார்ந்து, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "என்னம்மா மேக்ரோ" என்றான். நான்கைந்து பேர் சிரித்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருட்டுப் பட்டம் இவ்வளவு வலிக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. நான் செய்யவில்லை என்று எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் திங்கட்கிழமை முப்பத்தொன்று.

மேலுமலை இறக்கத்தில் பஸ் மெதுவானபோது விமல்ராஜ் எழுந்து பின்னால் வந்தான். பக்கத்து சீட்டில் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வாடியிருந்தது. இப்படிச் செய்துவிட்டாயே, உன் பெயரை நீயே கெடுத்துக்கொண்டாயே என்று சொல்லிவிட்டுக் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னான்.

"நீ மெஷின் இல்லன்னு எனக்குத் தெரியும் எஸ்லின்."

எஸ்லின் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கிக்கொண்டிருந்தது.

"பஸ்ஸுல தெரியுது சார்" என்றாள். "லைன்ல வந்து நிக்கறப்ப மறந்துடறீங்க."

அவன் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு முன் சீட்டுக்குப் போய்விட்டான்.